என்எஸ்1, என்எஸ்2: நம் பெயரில் நேம்சர்வர் வைப்பதென்றால்

விபிஎஸ் ஒன்று வாங்கி, லினக்ஸ் ஏற்றி, தெரிந்தவர்கள் நாலைந்து பேருடைய தளங்களை அதில் ஓட விட்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை கட்டாயம் வரும்: நேம்சர்வரும் நம் பெயரிலேயே இருந்தால் என்ன? என்எஸ்1, என்எஸ்2 என்று தொடங்கி நம் டொமைனில் முடியும் இரண்டு பெயர்கள். வாடிக்கையாளர் தன் டொமைன் விவரத்தை எடுத்துப் பார்த்தால் ஏதோ பெரிய கம்பெனியின் பெயருக்குப் பதிலாக நம் பெயர் நிற்கும். ஒரு கெத்துதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் கெத்துக்காக மட்டும் செய்வதென்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம் என்பேன். இதில் நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சிறிய அளவில் ஹோஸ்டிங் செய்பவரின் வாடிக்கையாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், டிராவல்ஸ், கல்யாண மண்டபம். ஆளுக்கொரு இடத்தில் டொமைன் வாங்கியிருப்பார்கள். ஒருவருடைய லாகின் துபாயில் இருக்கும் மச்சானிடம் இருக்கும். இன்னொருவருக்கு ஓடிபி வரும் நம்பர் போன வருடமே போய்விட்டது. இவர்கள் எல்லோருடைய டொமைனிலும் உங்கள் சர்வரின் ஐபி எண்ணை நேரடியாக ஏ ரெகார்டாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்குச் சர்வரை வேறு கம்பெனிக்கு மாற்றுகிறீர்கள், ஐபி மாறுகிறது. அத்தனை பேருக்கும் போன் போட்டு, அத்தனை பேரையும் லாகின் செய்ய வைத்து, அந்த எண்ணை மாற்றச் சொல்ல வேண்டும். மச்சான் துபாயில் தூங்கிக்கொண்டிருப்பார்.

அதுவே அவர்கள் எல்லோரும் ஒரே ஒரு தடவை தங்கள் டொமைனை உங்கள் நேம்சர்வருக்குத் திருப்பிவிட்டிருந்தால், அதன் பிறகு எல்லாம் உங்கள் கையில். ஐபி மாறினாலும் சரி, மெயிலை வேறு இடத்துக்குக் கொண்டுபோனாலும் சரி, யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அடுத்தவருடைய நேம்சர்வர் பெயரைக் கொடுத்திருந்தால் அவர்களை விட்டு விலகும் நாளில் மறுபடியும் அதே போன் படலம். சொந்தப் பெயராக இருந்தால் பின்னால் இருக்கும் இயந்திரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இவ்வளவுதான் இதன் நியாயம்.

வேலைக்குள் இறங்கும் முன்பு, ஒரு பெயர் எப்படித் தேடப்படுகிறது என்பதில் ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். 1980களின் ஆரம்பம் வரை இணையத்தில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அதை நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்காது என்று தெரிந்தது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் அமைப்பை வடிவமைத்தார். அதன் அடிப்படை ஒன்றுதான்: எல்லாவற்றையும் யாரும் வைத்திருக்க வேண்டாம், யாரிடம் இருக்கிறது என்று கைகாட்டத் தெரிந்தால் போதும். உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களுக்கு டாட் காம் யாரிடம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். டாட் காமை நடத்தும் வெரிசைனுக்கு உங்கள் டொமைனுக்கு எந்த நேம்சர்வர் பொறுப்பு என்று மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் விவரம் உங்கள் நேம்சர்வருக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கேதான் சொந்த நேம்சர்வர் வைக்கிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் வருகிறது.

உங்கள் டொமைன் உதாரணம்.காம் என்றும், அதன் நேம்சர்வர் என்எஸ்1.உதாரணம்.காம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவர் உதாரணம்.காமைத் தேடுகிறார். டாட் காம் சர்வர், 'என்எஸ்1.உதாரணம்.காமைக் கேள்' என்கிறது. சரி, அதன் ஐபி என்ன? அது உதாரணம்.காமுக்கு உள்ளே இருக்கும் பெயர். உதாரணம்.காமுக்குள் இருப்பதை யார் சொல்ல வேண்டும்? என்எஸ்1.உதாரணம்.காம். முருகேசன் வீடு எங்கே என்று கேட்டால், முருகேசனைக் கேளுங்க, அவரே கூட்டிட்டுப் போவார் என்பது போன்ற கதை. இந்தச் சுற்றை உடைக்க, டாட் காம் சர்வரே பெயரோடு சேர்த்து ஐபி எண்ணையும் கையில் கொடுத்துவிடும். அந்த எண்ணுக்குப் பெயர்தான் க்ளூ ரெகார்டு. பசை என்ற பொருளில் வரும் க்ளூ, துப்பு அல்ல.

இந்த க்ளூவை உங்கள் சர்வரில் போட முடியாது. அது உங்கள் சர்வரிலேயே இல்லை. டொமைன் வாங்கிய ரிஜிஸ்ட்ராரின் பக்கத்தில் போய்ப் பதிய வேண்டும். அவர் வெரிசைனிடம் பதிந்து கொடுப்பார். சர்வரில் பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு, டொமைனின் ரெகார்டுகள் அடங்கிய ஜோன் ஃபைலை எழுதி, எல்லாம் சரியாக ஓடி, வெளியில் இருந்து மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ரிஜிஸ்ட்ரார்கள் இதை ஆளுக்கொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நேம்சீப்பில் பர்சனல் டிஎன்எஸ் சர்வர். கோடாடியில் ஹோஸ்ட்நேம்ஸ். ரிசெல்லர்கிளப் வழியாக விற்பவர்களிடம், அதாவது நம்மூர்ச் சிறு விற்பனையாளர்கள் பலரிடம், சைல்டு நேம் சர்வர்ஸ். சிலர் நேராக க்ளூ ரெகார்டு என்றே எழுதியிருப்பார்கள். எங்கே தேடியும் காணவில்லை என்றால் சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட் போட்டு, 'ஹோஸ்ட் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். வாடிக்கையாளர்களின் ஒவ்வொரு டொமைனுக்கும் க்ளூ வேண்டுமா? வேண்டாம். நேம்சர்வர் பெயர் எந்த டொமைனுக்குள் இருக்கிறதோ அந்த ஒன்றுக்கு மட்டும் போதும். வாடிக்கையாளரின் டொமைன் டாட் இன் ஆக இருந்தாலும், அங்கே உங்கள் நேம்சர்வரின் பெயரை எழுதினால் தேடுகிறவர் டாட் காம் வழியாக வந்து ஐபியைத் தெரிந்துகொள்வார்.

இப்போது சர்வர் பக்கம். மென்பொருளில் ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. பைண்ட் எல்லோருக்கும் தெரிந்த கிழவர். 1980களில் பெர்க்லியில் மாணவர்கள் நால்வர் எழுதி ஆரம்பித்தது, இன்றைக்கும் ஓடுகிறது. எந்தக் கோளாறு வந்தாலும் இணையத்தில் ஏற்கெனவே ஒருவர் அதைச் சந்தித்துப் பதிலும் எழுதியிருப்பார் என்பது அதன் பெரிய பலம். நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் எழுதிய என்எஸ்டி சின்னது, வேறு எந்த வேலையும் செய்யாது, எனக்குப் பிடித்தது. தகவல்களை டேட்டாபேஸில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு பவர்டிஎன்எஸ். கன்ட்ரோல் பேனல் போட்டிருந்தால் தேர்வு உங்களுடையதே அல்ல: ஹெஸ்டியா, வர்ச்சுவல்மின் இரண்டும் பைண்ட் பயன்படுத்துகின்றன, சைபர்பேனல் பவர்டிஎன்எஸ். சிபேனலில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2019-இல் சிபேனல் கணக்கு எண்ணிக்கைக்குத் தகுந்தபடி கட்டணம் என்று மாற்றிய பிறகு இலவசப் பேனல்களின் பக்கம் திரும்பிய சிறு ஹோஸ்டிங்காரர்களுக்கு இதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

பேனல் இருந்தாலும் ஜோன் ஃபைலை ஒரு தடவையாவது கையால் எழுதிப் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். முதலில் எஸ்ஓஏ: இந்த ஜோனுக்கு மூல சர்வர் எது, பொறுப்பாளரின் மின்னஞ்சல் எது, வரிசை எண் என்ன என்று. மின்னஞ்சலில் அட் குறி வராது, அந்த இடத்தில் புள்ளி. அடுத்து இரண்டு என்எஸ் வரிகள். அதன் பிறகு அந்த இரண்டு பெயர்களுக்கும் ஏ ரெகார்டு, ஒன்றுக்கு 192.0.2.10, இன்னொன்றுக்கு 198.51.100.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை, அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். நேம்சர்வர் பெயரை சிநேமாக, அதாவது வேறொரு பெயருக்குக் கைகாட்டும் ரெகார்டாக, வைக்கவே கூடாது; 1997-இன் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2181 அதைத் தெளிவாகத் தடுக்கிறது. சிநேம் வைத்தும் சில இடங்களில் வேலை செய்யும், சில இடங்களில் செய்யாது. அந்த மாதிரி அரைகுறைக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே கொடுமை.

புள்ளி. இதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். ஜோன் ஃபைலில் முழுப் பெயர் எழுதினால் கடைசியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். காம் என்று முடித்துப் புள்ளி வைக்காமல் விட்டால், பைண்ட் அதைப் பாதிப் பெயராக எடுத்துக்கொண்டு பின்னால் டொமைனை இன்னொரு தடவை ஒட்டிவிடும். என்எஸ்1.உதாரணம்.காம்.உதாரணம்.காம் என்று ஒரு விநோதப் பெயர் வெளியே போகும். சில பிழைகளை பைண்டே பிடித்துவிடும், சிலவற்றோடு ஃபைல் ஏறிவிடும், சர்வரும் ஓடும். பைண்டோடு வரும் செக்ஜோன் கருவியை ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஓட்டி, அது விரித்துக் காட்டும் பெயர்களைக் கண்ணால் படித்துப் பாருங்கள்.

வரிசை எண்ணும் அப்படித்தான். இரண்டாவது சர்வர் இந்த எண் கூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் புதிய நகலை எடுக்கும். ஃபைலைத் திருத்திவிட்டு எண்ணைக் கூட்டாமல் விட்டால் என்எஸ்1 ஒரு பதிலும் என்எஸ்2 பழைய பதிலும் சொல்லிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் 'சில நேரம் புது சைட் வருது, சில நேரம் பழசு வருது' என்பார். தேதியையும் அதோடு இரண்டு இலக்கத்தையும் சேர்த்து எழுதும் பழக்கம், அதாவது 2025061501 மாதிரி, எல்லோரும் கடைப்பிடிப்பது. எப்போது கடைசியாகக் கை வைத்தோம் என்பதும் தெரிந்துவிடும்.

க்ளூவில் கொடுத்த எண்ணும் ஜோன் ஃபைலில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து ஐபி மாற்றும்போது ஜோனில் மட்டும் மாற்றிவிட்டு ரிஜிஸ்ட்ரார் பக்கத்தை மறந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. இரண்டு இடம், இரண்டிலும் மாற்ற வேண்டும்.

போர்ட் 53-ஐத் திறக்க வேண்டும். யுடிபி மட்டும் போதாது, டிசிபியும் வேண்டும். பெரிய பதில்கள் டிசிபியில்தான் போகும். இரண்டாவது சர்வருக்கு ஜோனை மாற்றிக் கொடுப்பதும் அதில்தான். சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வாலைத் திறந்துவிட்டு, கிளவுட் கம்பெனியின் பேனலில் இருக்கும் இன்னொரு ஃபயர்வாலை மறப்பவர்கள் உண்டு. உபுண்டுவில் இன்னொரு இடைஞ்சல்: சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை 127.0.0.53 முகவரியில் அதே போர்ட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். பைண்ட் ஒவ்வொரு முகவரியாகத் தனித்தனியே பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் சண்டை வராது. எல்லா முகவரியிலும் ஒரேயடியாகக் கேட்கும் மென்பொருளுக்கு 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று முகத்தில் அடிக்கும். வெளி ஐபியில் மட்டும் கேட்கும்படி அமைப்பில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ரிகர்ஷனை அணைத்துவிடுங்கள். உங்கள் நேம்சர்வரின் வேலை உங்கள் டொமைன்களைப் பற்றி மட்டும் பதில் சொல்வது. யாரோ வந்து கூகுளின் ஐபி கேட்டால் அதைத் தேடிக் கொடுப்பது அதன் வேலை அல்ல. இப்படி யார் கேட்டாலும் தேடித் தரும் சர்வர்களுக்கு ஓப்பன் ரிசால்வர் என்று பெயர், அடியாட்களுக்குப் பிடித்தமான ஆயுதம். சில பத்து பைட் கேள்வியைப் பொய்யான அனுப்புநர் முகவரியோடு அனுப்பினால், ஆயிரக்கணக்கான பைட் பதில் அப்பாவி ஒருவர் தலையில் போய் விழும். 2013 மார்ச்சில் ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பேம்ஹவுஸ் மீது இப்படித்தான் தாக்குதல் நடந்தது; வேகம் நொடிக்கு 300 ஜிகாபிட் வரை போனதாக அதைச் சமாளித்த கிளவுட்ஃப்ளேர் எழுதியது. பைண்டில் தானாக வரும் அமைப்பு இப்போது உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும்தான் தேடிக் கொடுக்கும். ஆனால் விபிஎஸ்ஸில் உள்ளூர் என்றால் அதே சப்நெட்டில் இருக்கும் முன்பின் தெரியாத பக்கத்து விபிஎஸ்காரர்களும் அடக்கம். அதனால் வேண்டாம் என்றே எழுதிவிடுவது நல்லது. ஜோன் மாற்றத்தையும் இரண்டாவது சர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதியுங்கள். இல்லையென்றால் உங்கள் மொத்தப் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, இப்போது என்எஸ்2 பற்றி. இந்தப் பதிவை எழுத ஆரம்பித்ததே இதற்காகத்தான்.

ரிஜிஸ்ட்ரார்கள் குறைந்தது இரண்டு நேம்சர்வர் கேட்பார்கள். கையில் இருப்பது ஒரு விபிஎஸ். பல வழிகாட்டிகள் இதற்குச் சொல்லும் தந்திரம்: இரண்டு பெயருக்கும் ஒரே ஐபியைக் கொடுத்துவிடுங்கள். அல்லது அதே விபிஎஸ்ஸுக்கு இன்னொரு ஐபி வாங்கி இரண்டாவது பெயருக்குக் கொடுங்கள். டாட் காமில் இதை யாரும் தடுக்கப்போவதில்லை. டாட் டிஇ நடத்தும் ஜெர்மனியின் டெனிக் மாதிரி சில பதிவகங்கள்தான் நேம்சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்கிறதா என்று சோதித்த பிறகு ஏற்கும். மற்றபடி படிவம் கேட்டது இரண்டு, கொடுத்தது இரண்டு.

படிவத்தை ஏமாற்றலாம், ஹார்டு டிஸ்க் போவதை ஏமாற்ற முடியாது. ஒரே இயந்திரத்தில் இரண்டு பெயரும் இருந்தால் அது விழும்போது இரண்டும் சேர்ந்து விழும். 'சர்வர் விழுந்தால் சைட்டும்தானே விழும், நேம்சர்வர் மட்டும் விழாமல் நின்று என்ன பிரயோஜனம்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஜவுளிக்கடைக்காரரின் மெயில் உங்கள் சர்வரிலா இருக்கிறது? கூகுளில் இருக்கிறது. மெயில் எங்கே போக வேண்டும் என்று காட்டும் அவருடைய எம்எக்ஸ் ரெகார்டைச் சொல்ல வேண்டியது உங்கள் நேம்சர்வர். அது பேசாமல் போனால் கூகுளில் எல்லாம் நன்றாக இருந்தும் அவருக்கு மெயில் வராது. அனுப்புகிறவரின் சர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். வழக்கமாக நாலைந்து நாள் வரை. மெயில் தொலையாது, தாமதமாகும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யக் கடைசி நாளில் ஆடிட்டரிடமிருந்து வர வேண்டிய மெயில் என்றால் இந்த வித்தியாசத்தை அவரிடம் விளக்கிப் பாருங்கள்.

அதோடு, நேம்சர்வர் விழாமல் இருந்தால் தளத்தை வேறு சர்வருக்குத் திருப்பிவிடலாம். பேக்கப்பில் இருந்து எடுத்து வேறிடத்தில் ஏற்றி, ஏ ரெகார்டை மாற்றினால் சில நிமிடங்களில் வந்துவிடும். நேம்சர்வரும் சேர்ந்து விழுந்திருந்தால் மாற்றுவதற்கு இடமே இல்லை.

இது சின்னவர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் தளங்கள் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க எட்டாமல் போயின. ரவுட்டர் அமைப்பில் ஒருவர் செய்த மாற்றம் காரணம். அவர்களிடம் நான்கு டிஎன்எஸ் சர்வர்கள் இருந்தன. நான்கும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. தளங்களின் சர்வர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன, அவற்றின் முகவரியைச் சொல்லத்தான் ஆள் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனது நினைவிருக்கும். பராமரிப்பு வேலையில் போன ஒரு கட்டளை அவர்களுடைய உள் நெட்வொர்க்கைத் துண்டித்தது. டேட்டா சென்டரோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வரும் வழியை இணையத்திலிருந்து தாங்களே விலக்கிக்கொண்டன. எல்லாமே சொந்த வீட்டுக்குள் இருந்ததால் வெளியில் நின்று பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

வெளியாட்களிடம் கொடுத்தாலும் அவர் ஒருவராக இருந்தால் அதே கதைதான். 2016 அக்டோபர் 21-இல் டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனியை மிராய் பாட்நெட் தாக்கியபோது ட்விட்டர், ரெட்டிட், கிட்ஹப் எல்லாம் பலருக்குக் கிடைக்கவில்லை. 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2182 இதைப் பற்றித்தான் பேசுகிறது: இரண்டாவது சர்வர் வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் இருக்கட்டும் என்று. பழைய அறிவுரை, இன்னும் யாரும் கேட்பதில்லை.

நான் சொல்லும் ஏற்பாடு இது. ஹோஸ்டிங் சர்வரில் இருக்கும் பைண்ட் மூலப் பிரதியை வைத்திருக்கட்டும், ஆனால் அதன் பெயர் வெளியே தெரிய வேண்டாம். என்எஸ் பட்டியலில் அது இல்லை. வெளியே தெரியும் என்எஸ்1, என்எஸ்2 இரண்டும் வேறு வேறு கம்பெனிகளின் மிகச் சின்ன விபிஎஸ்கள். ஒன்று சென்னையிலோ மும்பையிலோ, இன்னொன்று சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ. டிஎன்எஸ் பதில் சொல்ல மட்டும் என்றால் இருப்பதிலேயே மலிவான பிளான் போதும். சில நூறு ஜோன்களை அது கண்ணை மூடிக்கொண்டு தாங்கும். இதற்கு மறைந்த மூலம் என்ற பொருளில் ஹிடன் பிரைமரி என்பார்கள். மூலத்தில் மாற்றம் செய்தவுடன் அது மற்ற இரண்டுக்கும் தகவல் சொல்லும், அவை வந்து எடுத்துக்கொள்ளும். மூலம் செத்துப்போனாலும் எஸ்ஓஏவில் எக்ஸ்பயர் என்று எழுதிய காலம் வரை அவை பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை 1209600 நொடி, அதாவது இரண்டு வாரம் என்று வையுங்கள். சிலர் ஒரு நாள் என்று வைத்திருப்பதைப் பார்க்கிறேன். நீண்ட வார இறுதியில் மூலம் படுத்தால் திங்கட்கிழமைக்குள் எல்லாம் போய்விடும்.

இன்னொரு விபிஎஸ்ஸுக்கும் காசில்லை என்றால் ஹரிக்கேன் எலெக்ட்ரிக் இலவசமாக இரண்டாம் நிலை டிஎன்எஸ் தருகிறது. உங்கள் மூலத்திலிருந்து ஜோனை எடுத்து அவர்களுடைய சர்வர்களில் வைத்துக்கொள்ளும். நேம்சர்வர் பெயர் அவர்களுடையதாக இருக்கும், கெத்து கொஞ்சம் குறையும். அவர்களுடைய ஐபிக்கு உங்கள் பெயரில் க்ளூ பதியலாமே என்று தோன்றும். சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் ஐபியை மாற்றினால் உங்கள் பெயர் அந்தரத்தில் தொங்கும். கம்பெனியே அனுமதித்துச் செய்து தரும் இடங்களில் மட்டும் இதைச் செய்யலாம்.

புதிய வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் மூலத்தில் ஜோன் சேர்ப்பது போதாது, 'இப்படி ஒரு ஜோன் இருக்கிறது' என்று மற்ற இரண்டுக்கும் தெரிய வேண்டும். சிபேனலில் டிஎன்எஸ் கிளஸ்டர், வர்ச்சுவல்மினில் அதற்கென்று ஒரு பகுதி. வெறும் பைண்ட் என்றால் கேட்டலாக் ஜோன் என்று ஒரு வசதி. ஜோன்களின் பட்டியலே இன்னொரு ஜோனாகப் போய்ச் சேரும். 2023-இல் ஆர்எஃப்சி 9432 ஆக அது முறைப்படி வந்துவிட்டது.

வாடிக்கையாளர்களில் யாராவது டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே டொமைன் வாங்கியிருந்தால் ஒரு சின்ன விஷயம்: ஜோன் ஃபைலில் தமிழ் எழுத்து ஏறாது. ப்யூனிகோடு வடிவத்தில்தான் எழுத வேண்டும். சில பேனல்கள் தாங்களே மாற்றிக்கொள்ளும், சிலவற்றுக்கு நாம்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் தயாரான பிறகு, நேம்சர்வரை மாற்றும் முன் ஒவ்வொரு சர்வரிடமும் நேராகவே கேட்டுப் பாருங்கள். டிக் கட்டளையில் அட் குறி போட்டு அந்த ஐபியைக் கொடுத்து, டொமைனின் எஸ்ஓஏவைக் கேட்டால் பதிலில் கொடிகளின் வரிசையில் ஏஏ என்று இருக்க வேண்டும். 'இது என் சொந்தப் பதில், கேள்விப்பட்டுச் சொல்வது அல்ல' என்று அர்த்தம். ஏஏ இல்லையென்றால் ஜோன் ஏறவில்லை. மூன்று இடத்திலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றிய பிறகு டிரேஸ் வசதியோடு அதே கட்டளையை ஓட்டினால் ரூட்டிலிருந்து உங்கள் வீடு வரை யார் யாரைக் கைகாட்டினார்கள் என்று முழுக்கதையும் வரும். கட்டளைகள் பிடிக்காதவர்களுக்கு ஜோன்மாஸ்டர் என்ற தளம் இருக்கிறது. பிரான்ஸ், ஸ்வீடன் பதிவகங்கள் சேர்ந்து நடத்துவது. கறாரான வாத்தியார், சின்னக் குறையையும் விடாது.

மாற்றியதும் 'ப்ராபகேஷனுக்கு 48 மணி நேரம் ஆகும்' என்று எல்லோரும் சொல்வார்கள். ஏதோ செய்தி ஊர் ஊராகப் பரவுவது போல. ஒன்றும் பரவுவதில்லை. டாட் காம் சர்வர்களில் சில நிமிடங்களில் மாறிவிடுகிறது. ஏற்கெனவே உங்களைத் தேடி வந்தவர்களுக்காகப் பெயரைத் தேடித் தந்த ரிசால்வர்களில் பழைய பதில் இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். டாட் காம் தரும் நேம்சர்வர் பதிலை ரிசால்வர் வைத்திருக்கக்கூடிய காலம், அதாவது டிடிஎல், 172800 நொடி, சரியாக இரண்டு நாள். அந்த 48 மணி நேரம் இங்கிருந்துதான் வருகிறது. உங்களைப் பற்றி இதுவரை கேட்டிராத ரிசால்வருக்கு உடனே புதுப் பதில்தான் கிடைக்கும். அதனால் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும் அல்ல: பழைய நேம்சர்வரை அந்த இரண்டு நாளும், முடிந்தால் ஒரு வாரமும், அதே தகவல்களோடு ஓட விடுங்கள். பழைய இடத்துக்கு வருகிறவருக்கும் சரியான பதில் கிடைத்தால் மாற்றம் நடந்ததே யாருக்கும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை, இதில் சிக்கியவர்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரின் டொமைனில் டிஎன்எஸ்செக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய நேம்சர்வர்காரர் ஒரு சுவிட்சில் போட்டுக் கொடுத்திருப்பார், வாடிக்கையாளருக்கே தெரியாது. ரிஜிஸ்ட்ராரிடம் டிஎஸ் ரெகார்டு என்று ஒன்று பதிவாகியிருக்கும். 'இந்த டொமைனின் பதில்களில் இந்தக் கையெழுத்து இருக்கும்' என்ற உறுதி அது. கையெழுத்தில்லாத உங்கள் நேம்சர்வருக்கு டொமைன் வந்ததும், கையெழுத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் எல்லாம் பதிலைக் குப்பையில் போட்டுவிடும். கூகுளின் 8.8.8.8 அப்படிச் சரிபார்க்கும். சரிபார்க்காத ரிசால்வரில் தளம் வரும், அதில் வராது. முதலில் டிஎஸ்ஸை நீக்கி, ஒரு நாளுக்கு மேல் விட்டு, பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள்.

நேம்சர்வர் பெயருக்கென்று எடுத்த டொமைனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயருள்ள டொமைனை நாளைக்குப் பிடிக்காமல் விட்டுவிடலாம். இதை விட முடியாது. பத்து வருடத்துக்குப் பணம் கட்டி, ஆட்டோ ரினியூவலும் போட்டு, காலாவதியான கார்டு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு டொமைன் போனால் உங்களை நம்பிய அத்தனை டொமைனும் போகும். வெறுமனே போவதோடு நிற்காது, வேறு யாராவது அதை வாங்கினால் உங்கள் வாடிக்கையாளர்களின் மெயில் எங்கே போக வேண்டும் என்று அவர் தீர்மானிப்பார். 2021-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் இதன் இன்னொரு வடிவத்தைக் காட்டினார்கள். காலாவதியான நேம்சர்வர் டொமைனைப் பதிவகத்திலிருந்து அழிக்க முடியாதபோது, ரிஜிஸ்ட்ரார்கள் அந்த ஹோஸ்ட் பெயரை வேறு ஏதோ ஒரு பெயராக மாற்றிவிட்டு அழித்திருக்கிறார்கள். அந்தப் புதுப் பெயரை யாரும் பதிவு செய்யாததால், கண்டுபிடித்தவன் சில டாலரில் வாங்கி, அதை நம்பியிருந்த டொமைன்களைக் கைப்பற்ற முடிந்தது.

சொந்தமாக ஒன்றிரண்டு தளம் மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ரிஜிஸ்ட்ரார் தரும் டிஎன்எஸ்ஸோ, கிளவுட்ஃப்ளேரின் இலவசக் கணக்கோ போதும். உங்களைவிட அவர்கள் அந்த வேலையை நன்றாகவே செய்வார்கள். கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் உதிரியாகக் கிடக்கும் டொமைன் ஒன்றில் செய்து பாருங்கள்.

மற்றவர்களின் தளங்களை ஏற்று நடத்துகிறவராக இருந்தால், எல்லாவற்றையும் அமைத்து முடித்த பிறகு, கூட்டம் குறைவான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்எஸ்1-இல் டிஎன்எஸ் சேவையை நிறுத்துங்கள். போன் டேட்டாவில் ஒன்று, வீட்டு பிராட்பேண்டில் ஒன்று என்று இரண்டு இணைப்பிலிருந்து வாடிக்கையாளர் தளங்களைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலிலிருந்து அவர்களுடைய முகவரிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். அதை மறுபடி ஓட்டிவிட்டு என்எஸ்2-ஐ நிறுத்தி இதையே செய்யுங்கள். கடைசியாக இரண்டையும் ஓட விட்டு, மூலத்தில் இருக்கும் பைண்டை நிறுத்தி இரண்டு நாள் அப்படியே விட்டு வையுங்கள். எந்த வாடிக்கையாளரிடமிருந்தும் போன் வரவில்லை என்றால் ஏற்பாடு சரியாக இருக்கிறது. பைண்டை மறுபடி ஓட விடலாம்.